'இயற்கை' உரம் போட்டேன், விதை முளைக்கவில்லை

கேள்வி: மாடித்தோட்டத்துக்காக நர்சரியில் இரண்டு மூட்டை இலைமக்கு உரம் வாங்கினேன். ஒரு மூட்டையைப் பிரித்து, மண் கலக்காமல் அப்படியே தொட்டிகளில் நிரப்பி முளைக்கீரையும் தக்காளியும் விதைத்தேன். கீரை முளைக்கவே இல்லை. தக்காளி இரண்டு இலையோடு நின்றுவிட்டது. கிளறிப் பார்த்தால் தைல மர இலைகள் முழுசாகக் கிடக்கின்றன. கடைக்காரர், "இலைதானேம்மா, அது என்ன செய்யும்?" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: இலை நிறையவே செய்யும். தைல மரத் தோப்புக்குள் நடந்திருந்தால் கவனித்திருப்பீர்கள், அடியில் புல்கூட அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருக்கும். மரம் தண்ணீரை இழுத்துக்கொள்வது ஒரு காரணம். உதிர்ந்த இலையிலிருந்து கசியும் சினியோல் எண்ணெயும் ஃபீனாலிக் அமிலங்களும் இன்னொரு காரணம். ஒரு செடி இப்படி அடுத்த செடியை ரசாயனத்தால் பாதிப்பதற்கு 1937ல் ஹான்ஸ் மோலிஷ் வைத்த பெயர் அலெலோபதி. பார்த்தீனியமும் இதே ரகம்தான்.

உள்ளே நடப்பது இது. விதையிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியைக் கிளப்பிவிடுவது ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன். இலையிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின்கள் அதற்குக் குறுக்கே நிற்கும். வளர்ச்சிக்கான ஹார்மோனான ஆக்சினைச் சிதைக்கும் நொதியைச் சில ஃபீனாலிக் அமிலங்கள் முடுக்கிவிடும். வேறு சில அதையே அடக்கி ஆக்சினைத் தேக்கிவிடும். எப்படியானாலும் முதல் அடி வேருக்குத்தான். நுனி பழுப்பேறி, வேர் கட்டையாக நின்றுவிடும்.

ஆனாலும் தைல இலைதான் குற்றவாளி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அரைகுறையாக மக்கிய எந்த உரமும், உப்பு கூடிய உரமும் இதே வேலையைச் செய்யும். கடையோடு பேச அந்த வித்தியாசம் தேவையும் இல்லை. இலை முழுசாகக் கிடந்தால் அது மக்கு உரமே இல்லை.

அதற்கு ஆதாரம் உங்கள் சமையலறையிலேயே தயாராகும். ஒரு டம்ளர் உரத்தை ஐந்து டம்ளர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். இரண்டு தட்டுகளில் டிஷ்யூ பேப்பர் விரித்து, தட்டுக்கு இருபது முள்ளங்கி விதை. ஒன்றில் வடித்த நீர், மற்றதில் வெறும் தண்ணீர். நான்காம் நாள் வேர்களை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பச்சைப்பயறு வேண்டாம், பெரிய விதை, கையிருப்பை வைத்துச் சமாளித்து முளைத்துவிடும். வடித்த நீரில் வேர் பாதிகூட வரவில்லையா? இரண்டு தட்டுகளையும் சேர்த்துப் படமெடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். முக்கால்வாசிப் பேர் அங்கேயே மாற்றித் தந்துவிடுவார்கள். மறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரிக்காத மூட்டையை மட்டும் தொடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பிரித்ததைச் சாணத்தோடு கலந்து ஈரமாக வையுங்கள். நுண்ணுயிர்கள் இந்த நஞ்சைத் தின்று தீர்த்துவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி முள்ளங்கி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கோகோபீட் கட்டியை ஊறவைத்தால் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி ஆகிறது. போலியா?

பதில்: இல்லை, டானின்தான். கூடவே உப்பும் இருக்கும். நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள். நாற்றுக்கென்றால் 'லோ இசி' என்று கேட்டு வாங்குங்கள். அது உப்பு குறைத்து அலசியது.

கேள்வி: 'மூலிகைக் களைக்கொல்லி, பக்கவிளைவே இல்லை' என்று பாட்டில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: களையைக் கொல்வது உங்கள் கத்தரிக்காயை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? மக்காச்சோளக் காட்டில் தெளிக்கும் மீசோட்ரையோன் என்ற களைக்கொல்லிக்கு மூலமே பாட்டில்பிரஷ் மரம்தான். 1977ல் கலிஃபோர்னியாவில் அந்த மரத்தடியில் களை குறைவாக இருப்பதை ஒருவர் கவனித்ததில் தொடங்கிய கதை அது. செடியிலிருந்து பிறந்தது என்பதால் அதைச் சாதுவென்று யாரும் விற்பதில்லை. 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் களைக்கொல்லியும் வரும். லேபிளில் பதிவு எண்ணும், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணக் கட்டமும் இருக்க வேண்டும். நீங்கள் பார்த்த பாட்டிலில் அவை இரண்டும் இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பத்துத் தொட்டிக் களையைக் கையால் பிடுங்கக் கால் மணி நேரம் போதும்.