பனிக்கரடிக்கு 300 மீட்டர் தள்ளி

கேள்வி: அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறுகிறேன். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போய், கப்பலிலிருந்து பனிக்கரடி பார்க்க வீட்டுக்காரரும் நானும் ஆசைப்படுகிறோம். பக்கத்தில் போகவே விடமாட்டார்களாம், அதற்கா இவ்வளவு பணம் என்கிறான் மகன். போகலாமா? எப்போது போவது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. மகன் சொல்வது உண்மைதான், 2025 ஜனவரியிலிருந்து கரடிக்கு 300 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். அது குட்டியோடு தாய்க்கரடி வளையை விட்டு வெளியே வந்து, பனிக்கட்டி மேல் சீல் பிடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் காலம். நம் ஊர்த் தேயிலைச் சரிவில் மேய்கிற காட்டெருமையைப் பார்த்திருப்பீர்கள். கிட்டே ஒரு எட்டு வைத்தால் மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கும், மூக்கு விடைக்கும், அப்புறம் நாம் நகர்கிற வரைக்கும் வாயில் புல் போகாது. மசினகுடிப் பக்கம் ஜீப்புகள் யானையைச் சூழ்ந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். அந்த 300 மீட்டரை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் முதல் பாதி நல்லது. கடலில் பனி விலகியிருக்கும், அங்குள்ள முக்கிய ஊரான லாங்இயர்பியனில் ஆகஸ்ட் 20 தாண்டும் வரை சூரியன் மறையாது, நடுராத்திரியிலும் பார்க்கலாம். சிறிய கப்பலாகப் பாருங்கள். 200 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் போகவே முடியாது. கரடி ஒன்றுக்காக மட்டும் போகாதீர்கள், அது கண்ணில் படாமலும் போகலாம். நீண்ட தந்தங்கள் கொண்ட கடல் விலங்கான வால்ரஸ் இருக்கிறது, அதை வேட்டையாடியே கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள், 1952-இல் தடை வந்த பிறகு மெல்ல மெல்லப் பெருகியது. ஆல்க்ஃபியெல்லெட் பாறைச்சுவரில் கடற்பறவைகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும்.

விசா விஷயத்தில் கவனம். ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம், ஆனால் நார்வே தலைநகர் ஓஸ்லோ வழியாகத்தான் போய்த் திரும்புவீர்கள், அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்ட் அந்த ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், திரும்பும்போது மறுபடி நுழைவதாகக் கணக்கு, அதனால் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரில் 300 மீட்டர் என்பது 30 மீட்டர் மாதிரி தெரியும். கரடி சுத்த வெள்ளை இல்லை, பனிக்கு எதிரே லேசான மஞ்சளாக, பழைய வெண்ணெய் நிறத்தில் இருக்கும், அதைத்தான் தேட வேண்டும். பைனாகுலரை இப்போதே வாங்கி, எதிர்ச் சரிவில் மாடு மேய்வதைக் கை ஆடாமல் பார்த்துப் பழகுங்கள், கப்பல் தளத்தில் குளிரும் காற்றும் சேர்ந்து கையை நடுங்க வைக்கும்.