பென்சில் கையொப்பம் இருந்தால் போதுமா?

கேள்வி: இத்தாலியச் சிற்பி மரினோ மரினியின் குதிரை வீரன் லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்) ஒன்றை இத்தாலிய வியாபாரி ஒருவர் இணையத்தில் 900 யூரோவுக்குத் தருகிறார். தாளின் அளவு 31க்கு 24 செ.மீ. பென்சிலில் ‘மரினோ’ என்ற கையொப்பம், 34/50 (ஐம்பது பிரதிகளில் 34ஆவது) என்ற எண், கூடவே உண்மைச் சான்றிதழ். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தாளின் அளவே இடிக்கிறது. அது பத்திரிகைப் பக்க அளவு. சான் லாஸ்ஸரோ நடத்திய ‘வேன்தியேம் சியேக்ள்’ என்ற கலைப் பத்திரிகை, மரினி முதலானோரின் லித்தோக்களை இதழுக்குள்ளேயே சேர்த்துத் தைத்து விற்றது. அசல் லித்தோதான், ஆனால் பெரிய எண்ணிக்கையில் அடித்தது. கையொப்பமும் எண்ணும் இருக்காது. இதழிலிருந்து தாளைக் கிழித்து, பென்சிலால் ‘மரினோ’ என்று எழுதி, கீழே ஒரு பின்ன எண்ணையும் போட்டுவிடுவது இந்தத் தொழிலில் பழைய வேலை.

10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) இங்கே உங்களைக் காப்பாற்றாது. ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த நகலென்றால் அதில் புள்ளி வரிசை தெரிந்துவிடும். இங்கே படம் நிஜ லித்தோ, பொய் கையொப்பத்தில் மட்டுமே. ஆகவே படச்சட்டத்திலிருந்து கழற்றி, பின்பக்கத்தையும் நான்கு ஓரங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடது ஓரத்தில் தையல் துளை, பசைத் தடம், புதிதாக வெட்டிய விளிம்பு, நடுவில் மடிப்பு, பின்னால் அச்செழுத்து, இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, வியாபாரிகள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். சில படங்களைப் பத்திரிகைக்கு அடித்ததோடு, ஆர்ஷ் அல்லது ரீவ் என்ற தடித்த கலைத்தாளில் அகன்ற ஓரம் விட்டு, கையொப்பமிட்ட சிறு பதிப்பாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே ‘இதே படம் கையொப்பத்தோடும் வந்திருக்கிறது’ என்ற பேச்சு உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பதிப்பின் தாள் பெரியது. உங்களுடையது அதுதான், ஓரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று சமாளித்தால், ஓரம் வெட்டிய லித்தோவுக்கு விலை வெகுவாக இறங்கும் என்று பதில் சொல்லுங்கள். எப்படியும் 900 தகாது.

இதைச் சரிபார்க்கும் நூல் குவாஸ்தல்லா சகோதரர்கள் 1990இல் வெளியிட்ட, மரினியின் அச்சுப் படங்களின் முழுப் பட்டியல். லித்தோக்களுக்கு ‘எல்’ எழுத்தோடும், செதுக்கச்சுகளுக்கு ‘ஏ’ எழுத்தோடும் எண் கொடுத்திருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். தாளின் அளவும் பதிப்பின் எண்ணிக்கையும் பட்டியலோடு பொருந்தவேண்டும். 34 என்பது சின்ன எண், அதனால் மதிப்பு கூடும் என்பதெல்லாம் கதை.

சான்றிதழைப் பார்த்து மயங்காதீர்கள். இத்தாலியின் 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம், 64ஆம் பிரிவில், கலைப்பொருள் விற்பவர் வாங்குபவருக்கு ஆவணம் தந்தாக வேண்டும் என்கிறது. சலுகையாக அவர் எதையும் தரவில்லை. ஆனால் ஆவணம் இல்லையென்றால் விற்பவரே தனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தாலும் சட்டம் ஏற்கிறது! சொந்தச் சரக்குக்குச் சொந்தச் சாட்சி. விற்பனை ரசீதில் ‘கலைஞரே பென்சிலில் கையொப்பமிட்டது’ என்ற வரியும், குவாஸ்தல்லா எண்ணும், பொய்யானால் பணத்தைத் திருப்பித் தரும் உறுதியும் இருக்கட்டும். நேர்மையானவர் மறுக்கமாட்டார்.

படம்தான் பிடித்திருக்கிறது என்றால், அந்த லித்தோ உள்ளே இருக்கும் முழு இதழையே பழைய புத்தகக் கடையில் தேடுங்கள். இந்த 900இல் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும்.