இணையத்தில் வாங்கிய அப்பாவின் மாத்திரை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

வாசகி கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரையும் கொழுப்பும் இருக்கிறது. கிளினிக்கில் மருந்துக்கு மாதம் 210 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது. இணையக் கடை ஒன்றில் அதே மருந்துகள் மூன்று மாதத்துக்கு 165 வெள்ளி என்று பார்த்து வாங்கினேன். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. சர்க்கரை மருந்துக்கு 'மெட்ஃபார்மின் 850, கேகேஎம் (சுகாதார அமைச்சு) அனுமதி பெற்றது' என்று போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தால் சர்க்கரை ஏறிவிட்டது. விற்றவரோ 'எல்லாம் ஒரே மருந்துதான்' என்று சொல்லிப் பணம் தர மறுக்கிறார். மருந்துக்கு வீரியம் இல்லை என்று வழக்குப் போடலாமா? வாங்கியது என் குற்றமா? மீதி மாத்திரையைத் தங்கை தன் மாமனாருக்குக் கேட்கிறாள், கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, சட்டத்துக்கு முன்னால் ஒன்று. மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு அப்பாவை இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பயந்துபோய் நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இப்போது நீங்கள் அனுப்பிய படங்களுக்கு வருகிறேன். பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். கிளினிக் கொடுத்த பொட்டலத்தில் 'மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம், காலை 1, இரவு 1' என்று எழுதியிருக்கிறது. இணையத்தில் வந்த அட்டையில் அச்சாகியிருப்பது 'மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர்'. எஸ்ஆர் என்றால் மருந்தை மெதுவாக வெளியிடும் மாத்திரை. அப்பா பழைய கணக்கிலேயே காலை ஒன்று, இரவு ஒன்று போட்டிருக்கிறார். அதாவது ஒரு நாளைக்கு 1,700 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 1,000தான் போயிருக்கிறது. சர்க்கரை ஏன் ஏறியது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் உங்கள் வழக்கு 850, 500 என்ற இரண்டு எண்களில்தான் இருக்கிறது.

அதே அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடும், ரூபாயில் விலையும் இருக்கின்றன. இந்தியாவில் டாக்டர் சீட்டுக்கு விற்கும் மருந்தின் அடையாளம் அது. நம் நாட்டுப் பதிவு எண் எங்கேயும் இல்லை. இங்கே பதிவான மருந்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு இலக்கமும் அதன் பின் ஓர் எழுத்தும் இருக்கும். டாக்டர் சீட்டு மருந்து போன்ற கட்டுப்பாட்டு வகைகளுக்கு அந்த எழுத்து 'ஏ'. பெட்டியிலோ புட்டியிலோ ஃபார்மாடேக் என்ற ஹோலோகிராம் முத்திரையும் ஒட்டியிருக்கும், அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பார்க்கலாம். உங்களுக்குப் பெட்டியே வரவில்லை, வெறும் அட்டைதான் வந்திருக்கிறது.

இதை வைத்து 'போலி மருந்து' என்று எழுதிவிடாதீர்கள். இந்தியாவில் முறையாகத் தயாரான நல்ல மருந்தாகவே அது இருக்கலாம். இங்கே பதிவாகவில்லை என்பது வேறு, போலி என்பது வேறு. போலி என்றால் ஆய்வுக்கூட அறிக்கை வேண்டும், அது உங்கள் கையில் இல்லை.

'வீரியம் இல்லை' என்ற வாதத்தையும் விட்டுவிடச் சொல்வேன். விலை குறைந்தால் வேலையும் குறையும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியில்லை. காப்புரிமை முடிந்த மருந்தை வேறு கம்பெனிகள் தயாரிக்கும்போது ஆராய்ச்சிச் செலவு இல்லாததால் விலை இறங்குகிறது. கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை 2011இல் முடிந்த பிறகு விலை இறங்கியது அப்படித்தான். இப்படிப்பட்ட ஜெனரிக் மருந்து, ரத்தத்தில் சேரும் அளவில் முதலில் வந்த கம்பெனி மருந்துக்கு இணை என்று காட்ட வேண்டும். அந்த ஒப்பீட்டின் புள்ளியியல் வரம்பு 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். மாத்திரைக்குள் இருக்கும் மருந்தில் 20 விழுக்காடு குறையலாம் என்று சிலர் இதற்குப் பொருள் சொல்கிறார்கள், அது தவறு. ஆகவே 'மலிவு, அதனால் மட்டம்' என்று நீங்கள் வாதாடினால் விற்றவருக்கு பதில் சொல்வது சுலபமாகிவிடும்.

அப்படியானால் எதைச் சொல்வது? 850 என்று விளம்பரம் செய்து 500 அனுப்பியதைச் சொல்லுங்கள். விற்கும் பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. பொருளின் வகை, தரம் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்பது 10ஆம் பிரிவு, 'கேகேஎம் அனுமதி' என்று போட்டது அதில் வரும். இணைய வியாபாரமும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கியதுதான்.

போக வேண்டிய இடம் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். அதற்குக் கவலைப்படாதீர்கள், விளம்பரப் படத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். ஆனால் உடல் பாதிப்புக்கான நஷ்டஈட்டுக் கோரிக்கையை அந்த மன்றம் விசாரிக்காது. அதற்கு சிவில் நீதிமன்றம் போக வேண்டும், சர்க்கரை ஏறியது இதனால்தான் என்று மருத்துவச் சாட்சியத்தோடு காட்ட வேண்டும். அப்பா சாப்பாட்டில் என்ன மாறியது என்பது வரைக்கும் கேட்பார்கள். அவருக்கு நிலையான பாதிப்பு எதுவும் இல்லையென்றால் 165 வெள்ளியையும் பரிசோதனைச் செலவையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். விற்றவருக்கு இங்கே முகவரி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவர் மேல் உத்தரவு வாங்கினாலும் பணம் கைக்கு வருவது சிரமம்.

அடுத்து, வாங்கியது குற்றமா என்ற கேள்வி. 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின் 7ஆம் விதி, பதிவாகாத மருந்தை விற்பதை மட்டும் தடுக்கவில்லை. வழங்குவது, இறக்குமதி செய்வது, வைத்திருப்பது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எழுத்தில் இருப்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அப்பாவுக்காக ஏமாந்து வாங்கி, தானாகவே வந்து புகார் கொடுப்பவர் அதிகாரிகளுக்குச் சாட்சி. அவர்கள் தேடுவது விற்றவரை. அதனால் தாமதிக்காமல் பினாங்கு மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். விளம்பரம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வந்த பொட்டலத்தின் உறை, மீதி மாத்திரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். நடுவர் மன்றத்துக்குத் தேவைப்படும் என்பதால், மாத்திரையை அதிகாரிகளிடம் ஒப்படைக்கும் முன் இரு பக்கமும் படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவை எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள்.

திருச்சியிலிருந்து உறவினர் வரும்போது மருந்து கொண்டுவருவது நம் வீடுகளில் சகஜம். சொந்த உபயோகத்துக்கு, பயணப் பெட்டியில், ஒரு மாத அளவுக்கு மேல் போகாமல் கொண்டுவர விதி இடம் தருகிறது. கூரியரில் வரவழைத்து ஊருக்கு விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

செலவு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. ஒரு மகள் மாதம் 210 வெள்ளிக்கு வழி தேடியதில் தப்பே இல்லை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருந்தகமும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். கிளினிக்கில் மருந்து வாங்காமல் சீட்டு மட்டும் எழுதித் தரச் சொல்லலாம், அது நோயாளியின் உரிமை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அந்தச் சீட்டோடு இரண்டு மூன்று மருந்தகங்களில் 'இதற்குப் பதிவான ஜெனரிக் என்ன விலை?' என்று கேளுங்கள். அப்புறம், அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடியுரிமை உள்ளவருக்கு 1 வெள்ளிதான், மருந்தும் அதில் அடங்கும். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் சர்க்கரை, கொழுப்புக்கு அங்கே தொடர்ந்து மருந்து கிடைக்கும்.

தங்கையின் மாமனாருக்கு அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். காசு வாங்காமல் கொடுத்தாலும் அது 'வழங்குவது'தான். போதாததற்கு அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கோ தங்கைக்கோ தெரியாது, மெட்ஃபார்மின் கொடுக்கும் முன் டாக்டர்கள் பார்ப்பதே அதைத்தான். தங்கையிடம் அரசாங்க கிளினிக் முகவரியைக் கொடுங்கள்.