பத்து நாள் பூனைக் காவல்

கேள்வி: நுவரெலியாவில் வசிக்கிறேன். தோழி பத்து நாள் சென்னைக்குப் போகிறாள். மூன்றாம் மாடியில் இருக்கும் அவள் வீட்டையும் நாலு கிலோ எடையுள்ள ஆண் பூனையையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போனால் போதுமா?

பதில்: போதாது. காலையும் மாலையும் போங்கள். முடியாத நாளில் ஒரு தடவையாவது போய்த்தான் ஆக வேண்டும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

அதனால் உள்ளே போனதும் முதலில் மணல் தட்டைப் பாருங்கள். கட்டிபடும் மணல் என்றால், நாளைக்கு இரண்டு முதல் நாலு சிறுநீர்க் கட்டிகள் இருப்பது வழமை. அள்ளும்போதே எண்ணி, திகதியோடு ஒரு தாளில் குறித்துவிடுங்கள். மரத்தூள் போட்டிருந்தால் கட்டி சேராது, கையுறை போட்டுக் கிளறி ஈரத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டால் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் ஏறிக் குந்தும், கத்தும், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். மணலோ காய்ந்து கிடக்கும், இல்லையென்றால் சொட்டுச் சொட்டாய்ப் பயறளவு நனைந்திருக்கும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டிக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். தயவுசெய்து விடியும்வரை வைத்திருக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து, குழாய் செலுத்தித்தான் அடைப்பை எடுக்க முடியும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறதுதான். ஆனால் ரம்பொடை வளைவுகளில் இறங்கி அங்கே போய்ச் சேர இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகும். டவுனில் பூனை பார்க்கும் வைத்தியர் யார், எந்நேரம் இருப்பார் என்பதைத் தோழி புறப்படுமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குச் சம்மதக் கடிதம், கையில் கொஞ்சம் பணம், பூனையைத் தூக்கிப்போகும் கூடை மூன்றையும் வாங்கி வையுங்கள்.

உலர் உணவு மட்டும் தின்னும் பூனைக்கு, இந்த எடைக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம் வரை சரியாக இருக்கும். பக்கற்றில் உள்ள அளவையும் பார்த்து இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். அதில் ஈரம் பத்து வீதம்தான் என்பதால் தண்ணீர்க் கிண்ணம் குறைந்தது இரண்டு வேண்டும். டின் உணவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால், இந்தக் குளிரில் வாசமே எழும்பாது, பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் இறக்கி வைத்துக் கொடுங்கள். மிஞ்சிய மீன்கறி வேண்டாம்; வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும்.

முதல் நாள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டால் இழுத்தெடுக்காதீர்கள். 24 மணித்தியாலம் வாயே வைக்காவிட்டால் மட்டும் வைத்தியரிடம் பேசுங்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பேறி நோயாகிவிடும். சோர்ந்திருக்கிறதே என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வில்லையே கொல்லும். மேசையில் லில்லிப் பூச்சாடி இருந்தால் முதல் நாளே அகற்றுங்கள். மகரந்தமும் சாடித் தண்ணீரும்கூடச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நீர்வெறுப்பு நோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது.

வீட்டைப் பொறுத்தவரை கேஸ் ரெகுலேட்டரை மூடி, கீசரை அணைத்தால் பாதி வேலை முடிந்தது. ஹீட்டரைப் போட்டுவிட்டு வெளியேறாதீர்கள். கம்பளி விரித்த அட்டைப்பெட்டி ஒன்று பூனைக்குப் போதும். மலைநாட்டு வீட்டுக்குப் பெரிய எதிரி ஈரம்தான். பத்து நாள் அடைத்து வைத்தால் சப்பாத்திலும் தோல் பையிலும் பூஞ்சணம் பூத்துவிடும். வெயில் வரும் நேரம் பூனையை ஓர் அறையில் அடைத்துவிட்டு, ஜன்னலையும் அலுமாரியையும் ஒரு மணித்தியாலம் திறந்து வையுங்கள். வலை இல்லாத மூன்றாம் மாடி ஜன்னல் பூனைக்கு ஆபத்து. மூடுபனி இறங்குமுன் சாத்திவிடுங்கள். திறந்த அலுமாரிக்குள் நுழைந்து தூங்குவது பூனைகளின் வழக்கம் என்பதால், பூனையைக் கண்ணால் கண்ட பிறகே வாசற்கதவைப் பூட்டுங்கள்.