சுவரில் விரிசல் விட்டால் சிங்க்ஹோல் காப்பீடு கிடைக்குமா?

கேள்வி: ஃபுளோரிடாவில் பாஸ்கோ கவுண்டியில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஹால் சுவரில் படிக்கட்டு போல ஏறும் விரிசல், பின்கதவைச் சாத்த முடியவில்லை, தோட்டத்தில் ஒரு பள்ளம். சிங்க்ஹோல், அதாவது அடியிலுள்ள பாறை கரைந்து தரை உள்வாங்கும் பள்ளம், என்று க்ளெய்ம் போட்டோம். மண்ணைச் சோதிக்காமலே, "தரை பெரிய அளவில் உள்வாங்கினால் மட்டுமே பணம்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் பாலிசியின் டிக்ளரேஷன்ஸ் பக்கத்தை (எந்தெந்தக் காப்பீடு இருக்கிறது என்ற சுருக்கம்) எடுத்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

ஃபுளோரிடா சட்டம் (பிரிவு 627.706) இரண்டு காப்பீடுகளைப் பிரித்துப் பேசுகிறது. தரை பெரிய அளவில் உள்வாங்குவதற்கான காப்பீடு எல்லா வீட்டு பாலிசியிலும் கட்டாயம் உண்டு. ஆனால் அதற்கு நான்கும் சேர்ந்து நடக்க வேண்டும்: தரை திடீரென உள்வாங்க வேண்டும், பள்ளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அஸ்திவாரம் உட்படக் கட்டமைப்பு சேதமாக வேண்டும், அதிகாரம் பெற்ற அரசு அமைப்பு வீட்டைக் குடியிருக்கத் தகுதியற்றதாக அறிவித்து வெளியேறச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் பணம் வராது. வெறும் விரிசலும் இறக்கமும் இதில் சேராது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. நீங்கள் அதே வீட்டில் குடியிருக்கும்வரை இந்த வழி மூடியதுதான்.

இரண்டாவது, சிங்க்ஹோல் காப்பீடு. கூடுதல் பிரீமியத்துக்கு இதைத் தர கம்பெனி முன்வர வேண்டும். வாங்குவது உங்கள் விருப்பம். வாங்கவில்லை என்றால் வழக்கில் காசைப் போடாதீர்கள். இப்போது போய் வாங்கலாம் என்றும் நினைக்க வேண்டாம்; கொடுப்பதற்கு முன் வீட்டைப் பரிசோதிக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு.

வாங்கியிருந்தால் கதை வேறு. சோதிக்காமல் மறுத்த கடிதம் கைக்கு வந்து 60 நாளுக்குள், மண் சோதனை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். செலவில் பாதி அல்லது 2,500 டாலர், எது குறைவோ அதை நீங்கள் கட்ட வேண்டும். சிங்க்ஹோல் சேதம்தான் என்று கம்பெனியின் இன்ஜினியரோ ஜியாலஜிஸ்டோ சான்று தந்தால் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் ஹாலில் விரிசல் இருப்பது மட்டும் போதாது. 2011 திருத்தம் 'கட்டமைப்புச் சேதம்' என்பதற்கு இறுக்கமான அளவுகோல் வைத்தது. சுண்ணாம்புக்கல் மேல் நிற்கும் அந்தப் பகுதியில் க்ளெய்ம்கள் பெருகியதால் வந்த திருத்தம் அது. நேர்மையானவர்களுக்கும் சேர்த்துத்தான் கதவைச் சாத்தியது என்பது என் எண்ணம். சேதம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் தர வேண்டும் என்பதும் அதில் வந்ததுதான். விரிசலை முதலில் பார்த்த நாளை ஆதாரத்தோடு குறித்து வையுங்கள்.

சரி, சேதம் உறுதியானாலும் முழுப் பணமும் ஒரேயடியாகக் கைக்கு வராது. அஸ்திவாரத்தைப் பலப்படுத்த ஒப்பந்தம் போடும்வரை அந்தச் செலவைக் கம்பெனி நிறுத்தி வைக்கலாம். சிங்க்ஹோலுக்கான டிடக்டிபிள், அதாவது நீங்கள் கையிலிருந்து ஏற்க வேண்டிய பங்கு, வீட்டுக்கான காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம் வரை போகும். "அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ரிப்பேர்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது குற்றம். அப்புறம், க்ளெய்ம் பணம் வாங்கிய வீட்டை விற்கும்போது அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

சோதனை அறிக்கை உங்களுக்கு எதிராக வந்தால், வழக்குக்கு முன் மாநில நிதிச் சேவைகள் துறை மூலம் நடுநிலை மதிப்பீடு (இரு தரப்பையும் சாராத நிபுணர் பார்ப்பது) கேளுங்கள். செலவு கம்பெனியுடையது, முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. 2022 டிசம்பர் சட்ட மாற்றத்துக்குப் பிறகு எடுத்த பாலிசி என்றால், ஜெயித்தாலும் வக்கீல் கட்டணத்தை முன்போலக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாது. அதனால் இந்த மதிப்பீட்டைத் தவிர்த்துவிட்டு நேராகக் கோர்ட்டுக்குப் போக நான் சொல்ல மாட்டேன்.