கடைப் பெயர் யார் பேரில் இருக்கிறது? டிரேட்மார்க் பற்றிய கேள்வி பதில்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஸ்டாங்கர் பக்கத்து வியாபாரிகளும் ஜோஹனஸ்பர்க் அருகே லெனேசியாவிலிருந்து ஒருவரும் டிரேட்மார்க், அதாவது வணிகச் சின்னப் பதிவு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. அறிவுசார் சொத்து வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் விண்ணப்பங்களைக் கையாண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் பேசுவது தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தைப் பற்றி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மவர் வழக்குகளில் எதிராளி பெரும்பாலும் ஊர் பேர் தெரியாத ஆள் அல்ல. பங்காளி, பிரிந்துபோன கூட்டாளி, கடையில் வேலை பார்த்த பையன் என்று தெரிந்த முகமாகத்தான் இருக்கும். அதனால் எதைக் கேட்டாலும் "பெயர் யார் பேரில் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், மசாலா வியாபாரி): அக்கா, கம்பெனியை சி.ஐ.பி.சி.யில் பதிவு செய்து சான்றிதழ் வைத்திருக்கிறேன். அதே பெயரில்தான் பாக்கெட் போடுகிறேன். டிரேட்மார்க் என்று தனியாக எதற்கு?

பதில்: சி.ஐ.பி.சி. என்பது கம்பெனிகளுக்கும் அறிவுசார் சொத்துக்குமான அரசு ஆணையம். பிரிட்டோரியாவில் இருக்கும் அந்த ஒரே ஆணையம்தான் இரண்டையும் பதிவு செய்கிறது. குழப்பமே அங்கேதான் பிறக்கிறது. பதிவேடுகள் வேறு, உரிமைகளும் வேறு. கம்பெனிப் பதிவால் அதே பெயரில் இன்னொரு கம்பெனி உருவாகாமல் தடுக்கலாம். பக்கத்துத் தெருக்காரர் உங்கள் பெயரைத் தன் மிளகாய்த்தூள் பாக்கெட்டில் அச்சடித்தால் அந்தச் சான்றிதழ் உதவாது. பதிவான டிரேட்மார்க் இருந்தால் சட்டத்தின் 34ஆவது பிரிவைக் காட்டி நிறுத்தலாம். அதே பெயர் மட்டுமல்ல, குழப்பம் உண்டாக்கும் அளவுக்கு ஒத்த பெயரையும் நிறுத்தலாம்.

பதிவில்லாதவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பிறர் தங்கள் சரக்கை உங்களுடையது போலக் காட்டி விற்பதற்கு எதிராக 'பாசிங் ஆஃப்' என்ற பழைய பொதுச்சட்ட வழக்கு உண்டு. ஆனால் உங்கள் பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருந்தது, எதிராளியின் செயலால் வாடிக்கையாளர் ஏமாறக்கூடும், அதனால் உங்களுக்கு நட்டம் என்று மூன்றையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாட்சி திரட்டும் செலவில் பல பதிவுகளைச் செய்துவிடலாம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): எவ்வளவு செலவு, எவ்வளவு காலம்?

பதில்: ஒரு விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் 590 ராண்ட். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம் போட வேண்டும். மசாலா 30ஆம் வகுப்பு, காய்கறி ஊறுகாய் 29, ஊதுபத்தி 3, ஆடை 25, உணவகம் 43. ஆசைப்பட்டு எல்லா வகுப்பிலும் போடாதீர்கள். ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மற்றவர் வழக்குப் போட்டு நீக்கிவிடலாம்.

விண்ணப்பிக்கும் முன் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அதிகாரி பரிசீலித்து ஏற்றபின் ஆணையத்தின் காப்புரிமை இதழில் விளம்பரம் வரும்; பெயர் அப்படி இருந்தாலும் டிரேட்மார்க் விளம்பரங்களும் அதில்தான். அதிலிருந்து மூன்று மாதம் எதிர்ப்புக்கான காலம். எல்லாம் முடிய ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் பதிவானதும் உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் எத்தனை தலைமுறைக்கும் நீளும்.

கேள்வி (டர்பன், விக்டோரியா தெரு சந்தை அருகே): 'டர்பன் கறி மசாலா' என்று பதிவு செய்ய முடியுமா? இல்லாவிட்டால் 'மாமியாரை ஒழிக்கும் மசாலா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்து விற்கிறோமே, அந்தக் காரமான கலவையையாவது?

பதில்: முதல் பெயர் ஊரையும் பொருளையும் மட்டுமே சொல்கிறது. டர்பனில் கறி மசாலா விற்கும் எல்லாருக்கும் அந்தச் சொற்கள் தேவை; ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். மாமியாரை ஒழிக்கும் மசாலாவின் கதையும் அதுதான். சந்தையில் ஒரு சுற்று சுற்றினால் எத்தனை கடைகளில் அந்தப் பலகை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு தொழிலில் பலரும் வழக்கமாகப் பயன்படுத்தும் சொல் எந்த ஒரு கடையையும் அடையாளம் காட்டாது. ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் 'பன்னி சாவ்' என்பதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருளோடு சம்பந்தமில்லாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள், அல்லது புதிதாக உருவாக்குங்கள். வியாபாரிகளுக்கு இந்த யோசனை பிடிப்பதே இல்லை; பெயரைப் படித்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பார்கள். அதைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாமே.

கேள்வி (டோங்காட்): அக்கா, எங்கள் தாத்தா தொடங்கிய மிட்டாய்க் கடை. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு கடை நடத்தினார்கள், இரண்டுக்கும் அதே பெயர்தான். இப்போது சித்தப்பா மகன் அந்தப் பெயரைத் தன் பேரில் பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறான் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் பலகையைக் கழற்ற வேண்டுமா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். பலகையைக் கழற்ற வேண்டாம், தம்பி. ஆனால் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

முதலில் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இதழில் விளம்பரம் வந்து மூன்று மாதம் கடக்கவில்லை என்றால் எதிர்ப்பு மனு போடலாம். அவகாசம் போதாது என்றால் நீட்டிப்புக் கேட்கலாம். அந்தப் பெயர் தனக்கே உரியது என்று நேர்மையாகச் சொல்ல முடியாதவருக்குப் பதிவு கிடைக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. இரண்டு குடும்பமும் நடத்திய பெயரை ஒருவர் மட்டும் தன்னுடையது என்றால், உங்கள் வாதத்துக்கு அதுவே தொடக்கம். பழைய ரசீதுகள், நகராட்சி உரிமம், தீபாவளி விளம்பரம், கல்யாண ஆர்டர் எழுதிய நோட்டு, கடை வாசலில் எடுத்த புகைப்படம் என்று தேதி தெரியும் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இந்த வழக்குகளில் வக்கீலின் பேச்சைவிட மஞ்சள் படிந்த ரசீதுப் புத்தகம் அதிகம் பேசும்.

அவர் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டாலும் 36ஆவது பிரிவு உங்களைக் காக்கும். அவருடைய பயன்பாட்டுக்கும் பதிவுக்கும் முன்பிருந்தே, இடைவிடாமல், நீங்களோ உங்களுக்கு முன் கடை நடத்தியவரோ அந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தால் உங்களைத் தடுக்க முடியாது. இது கேடயம் மட்டுமே என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடை நடக்கும். ஆனால் அந்தப் பெயரில் மூன்றாவது ஆள் ஒருவர் கடை திறந்தால் நிறுத்தும் அதிகாரம் பதிவுள்ளவரிடம்தான் இருக்கும்.

இனி, கசப்பான பகுதி. பாகம் பிரித்தபோது வீட்டையும் நிலத்தையும் வண்டியையும் எழுதியிருப்பார்கள். பெயரை எழுதியிருக்க மாட்டார்கள். தாத்தாவின் உயிலிலும் அது இருக்காது. பெயருக்கும் மதிப்பு உண்டு, அதுவும் சொத்துதான், வாரிசுக்குப் போகும் என்பது அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது. இன்றைக்காவது உட்கார்ந்து எழுதுங்கள். என் யோசனை: இரு குடும்பமும் பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் பேரில் சின்னத்தைப் பதிவு செய்து, இரண்டு கடைகளுக்கும் எழுத்துமூலம் உரிமம் கொடுங்கள். உரிமம் பெற்றவரின் பயன்பாடு உரிமையாளரின் பயன்பாடாகவே சட்டத்தில் கருதப்படும். மிட்டாயின் தரம், யார் எந்த ஊரில் புதுக் கடை திறக்கலாம், ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். சித்தப்பா மகன் சம்மதிப்பாரா என்பீர்கள். உயர் நீதிமன்ற வழக்குக்கு என்ன செலவாகும் என்று இருவருமாகச் சேர்ந்து ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேச்சு சுமுகமாகும்.

அந்தக் கம்பெனிக்கு ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய மறக்கக்கூடாது. தொடர்ந்து தாக்கல் செய்யாத கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். அப்படி நீக்கப்பட்டால் அதன் சொத்து உரிமையாளர் இல்லாத சொத்தாகி அரசுக்குப் போகும், டிரேட்மார்க் உட்பட. மீட்க வழி இருக்கிறது, கம்பெனியை மறுபடி உயிர்ப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் எதிராளி அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி (மெர்பேங்க்): என் லோகோவை அக்கா மகன் வரைந்து கொடுத்தான். பணமும் கொடுத்தேன். இப்போது மனஸ்தாபம், படம் தன்னுடையது என்கிறான். உண்மையா?

பதில்: வருத்தமான செய்திதான், பெரும்பாலும் உண்மை. 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் ஊழியராக இல்லாதவர் பணம் வாங்கிக்கொண்டு வரைந்த லோகோவின் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். அது உங்களுக்கு மாற வேண்டுமானால் அவர் கையெழுத்திட்ட எழுத்து தேவை, வாய்ப்பேச்சு செல்லாது. ஒரு பக்கத் தாள் போதும். கையெழுத்து வாங்கும்வரை அக்காவிடம் கொஞ்சம் தணிந்து பேசுங்கள்.

கேள்வி (லெனேசியா): சென்னையில் பெயர்பெற்ற ஓர் உணவகத்துக்கு இங்கே கிளை இல்லை, பதிவும் இல்லை. அந்தப் பெயரில் நான் திறந்தால் யார் கேட்பார்கள்?

பதில்: இதே கணக்கைப் போட்ட ஒருவர் நம் நாட்டுச் சட்ட வரலாற்றிலேயே இடம் பிடித்துவிட்டார். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1968 முதலே இங்கே தன் சின்னங்களைப் பதிவு செய்து வைத்திருந்தது, ஆனால் கடை திறக்கவில்லை. 1993இல் ஜோஹனஸ்பர்க்கின் ஜோபர்கர்ஸ் என்ற நிறுவனம், பயன்படுத்தாத சின்னங்கள்தானே, நீக்குங்கள் என்று கேட்டு அந்தப் பெயரிலேயே கடை தொடங்க முனைந்தது. கீழ் நீதிமன்றத்தில் மெக்டொனால்ட்ஸ் தோற்றது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது.

கவனிக்க வேண்டியது மாறிய காரணம். அப்போது புதிதாக வந்திருந்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, இங்கே வியாபாரமே இல்லாத வெளிநாட்டுச் சின்னத்தையும், அது இந்த நாட்டில் நன்கறியப்பட்டதாக இருந்தால் காக்கிறது. நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்க்கவில்லை; அந்தப் பொருளில் அக்கறையுள்ள வட்டத்தில் கணிசமானவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்றது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த வட்டம் யார்? தோசை சாப்பிட வரும் லெனேசியா, சாட்ஸ்வொர்த் மக்கள். அவர்களில் எத்தனை பேர் சென்னைக்குப் போய்வந்திருக்கிறார்கள், எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டதும் தலையாட்டுவார்கள் என்று யோசியுங்கள். நீங்கள் அந்தப் பெயரை விரும்புவதே இங்குள்ளவர்களுக்கு அது தெரியும் என்பதால்தானே? உங்கள் ஆசையே உங்களுக்கு எதிரான சாட்சி. வேறு பெயர் வையுங்கள், ஐயா.

கேள்வி (ஸ்டாங்கர்): முருகன் பெயரில் ஊதுபத்தி பதிவு செய்யலாமா?

பதில்: ஒரு பிரிவு மக்களின் மனத்தைப் புண்படுத்தக்கூடிய சின்னத்தைப் பதிவு செய்யக்கூடாது என்று நம் சட்டத்தில் இருக்கிறது. ஊதுபத்திக்குச் சாமி பெயர் வைப்பது நம்மவர்க்குப் புண்படுத்தலாகத் தோன்றாது. செருப்புக்கு வைத்தால் தோன்றும். இருந்தாலும் வெறும் 'முருகன்' என்ற பெயரை நம்பி நிற்காதீர்கள். 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று கேட்டவருக்கு மறுத்துவிட்டது. புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது காரணம். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் தைப்பூசக் காவடி எடுக்கும் ஊரில் முருகனை ஒருவர் பட்டா போட்டுக்கொள்ள அதிகாரி எளிதில் இணங்க மாட்டார். தனித்தன்மையுள்ள இன்னொரு சொல்லையும் படத்தையும் சேர்த்து மொத்தமாகப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்திலேயே பதிவு செய்யலாமா, ஆன்ட்டி?

பதில்: தாராளமாக, மகளே. விண்ணப்பத்தில் உச்சரிப்பை ரோமன் எழுத்திலும் பொருளை ஆங்கிலத்திலும் சேர்த்துத் தர வேண்டும். பாக்கெட்டில் இரண்டு எழுத்திலும் அச்சிடுகிறீர்கள் என்றால் ஆங்கில எழுத்து வடிவத்துக்கும் தனி விண்ணப்பம் போடுங்கள்.

கேள்வி (வெருலம்): என் குடும்பப் பெயர் நாயுடு. வேறொரு நாயுடு அதைப் பதிவு செய்துவிட்டால் என் பெயரையே நான் போடக்கூடாதா?

பதில்: நேர்மையாக, நியாயமான வணிக முறைப்படி உங்கள் சொந்தப் பெயரைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. ஆனால் அவருடைய எழுத்துருவையும் நிறத்தையும் சேர்த்துப் பார்த்து எழுதினால் அது நேர்மையல்ல. அவர் பதிவுக்குப் பிறகு அந்தப் பெயரில் நீங்கள் தொடங்கும் கம்பெனிக்கும் இந்தச் சலுகை கிடையாது. நாயுடு, பிள்ளை, கவுண்டர், மூட்லி என்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் ஊரில் குடும்பப் பெயரை மட்டும் சின்னமாக்குவது எப்படியும் பலவீனமான யோசனை.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): மொரீஷியஸில் என் மைத்துனர் எங்கள் ஊறுகாயை விற்கப்போகிறார். இங்குள்ள பதிவு அங்கே செல்லுமா?

பதில்: செல்லாது. லெசோத்தோவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் கூடச் செல்லாது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கும் மாட்ரிட் ஏற்பாட்டில் மொரீஷியஸ் 2023இல் சேர்ந்துவிட்டது. தென்னாப்பிரிக்கா இன்னும் சேரவில்லை. எனவே அங்கே நேராக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே விண்ணப்பித்து ஆறு மாதத்துக்குள் போட்டால் பாரிஸ் உடன்படிக்கைப்படி இங்குள்ள தேதியே அங்கும் கணக்கில் வரும்.

வெளிநாட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ரூயிபோஸ் தேயிலையைப் பாருங்கள். கேப் மலைப்பகுதியில் மட்டும் விளையும் செடி. அதன் பெயரையே அமெரிக்காவில் 1994இல் ஒரு தரப்பு டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொள்ள, இங்குள்ள உற்பத்தியாளர்கள் போராடி 2005இல்தான் விடுவித்தார்கள். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்பு, அதாவது விளையும் இடத்தோடு பெயரைச் சேர்த்துக் காக்கும் பாதுகாப்பு, கொடுத்தது. மொரீஷியஸில் பதிவு உங்கள் கம்பெனி பேரில் இருக்கட்டும், மைத்துனர் பேரில் அல்ல. அவர் நல்லவர்தான், தெரியும்.

கேள்வி (இசிபிங்கோ): விண்ணப்பம் போட்டதும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடலாமா? கூடவே, வெளிநாட்டிலிருந்து ஒரு 'பதிவேடு' பணம் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

பதில்: சான்றிதழ் வரும்வரை போடக்கூடாது. பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது குற்றம். அதுவரை 'டி.எம்.' போட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்குப் பணம் கட்டாதீர்கள். இதழில் விளம்பரம் வந்ததும் அதிலிருந்து முகவரி எடுத்து, அரசு முத்திரை போலத் தோன்றும் தலைப்போடு இப்படிப் பலர் அனுப்புகிறார்கள். நீங்கள் கட்ட வேண்டியது சி.ஐ.பி.சி.க்கும், வைத்திருந்தால் உங்கள் வக்கீலுக்கும் மட்டுமே. கணக்கு எழுதுபவரிடமும் சொல்லி வையுங்கள்; இந்தக் கடிதங்களுக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் அவர்தான்.