மன்றோவின் சங்கிலியும் சேணமில்லாக் குதிரையும்: வாசகர் கேள்வி - பதில்

சென்னை கவர்னராக இருந்த மேஜர் ஜெனரல் சர் தாமஸ் மன்றோவைப் பற்றி ஆந்திர எல்லை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கொல்லம் பக்கத்தில் மன்றோ துருத்து, திருமலையில் மன்றோ கங்காளம் (நைவேத்தியப் பாத்திரம்), சென்னை தீவுத்திடல் அருகே மன்றோ சிலை. எல்லாம் ஒரே ஆள்தானா? (வாசகர், சித்தூர்)

இல்லை. கொல்லத்துத் தீவுக்குப் பெயர் தந்தவர் கர்னல் ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ரெசிடென்ட்டாக (கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக) இருந்தவர், நடுவில் சில ஆண்டுகள் திவான் பொறுப்பையும் பார்த்தார். கங்காளமும் சிலையும் தாமஸ் மன்றோவுக்கு உரியவை. ஹெக்டர் மன்றோ என்று இன்னொருவரும் உண்டு. 1764 பக்ஸார் போரில் வென்றவர் அவர். 1780-இல் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை ஹைதர் அலியிடம் அழிந்தபோது காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தவரும் அவரே. ஹெக்டரின் அந்தப் படையில் தாமஸ் ஓர் இளம் அதிகாரி.

கேள்வி: போர்க்களத்துக்கு வந்தவர் கலெக்டர் ஆனது எப்படி? (வாசகி, பலமனேர்)

1761 மே 27 அன்று கிளாஸ்கோவில் பிறந்தார். தந்தை அமெரிக்காவோடு வியாபாரம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அந்த வியாபாரத்தை முறித்துப் போட்டது. மகன் கம்பெனிப் படையில் கேடட்டாகச் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் ஹைதர், திப்பு போர்களோடு கழிந்தன. அந்தக் காலத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்துக்கொண்டதுதான் அவருக்குக் கதவைத் திறந்தது.

1792 ஒப்பந்தத்தில் திப்பு பாரமகாலை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தை, விட்டுக்கொடுத்தார். அப்போது சிவில் அதிகாரிகள் பலருக்கு நாட்டு மொழி தெரியாது. ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அந்தப் பகுதியை கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடிடம் ஒப்படைத்தார். ரீடுக்குத் துணையாகப் போன ராணுவ அதிகாரிகளில் மன்றோவும் ஒருவர். 1799 வரை அங்கே இருந்தார். கணக்குப் புத்தகத்தை மட்டும் நம்பாமல் ஊர் ஊராகப் போய் நிலத்தையும் குடியானவரையும் நேரில் பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

பிறகு கன்னடக் கரையில் ஓராண்டுக்கு மேல். 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களுக்கு (பெல்லாரி, அனந்தபூர், கடப்பை, கர்னூலில் ஒரு பகுதி) முதன்மைக் கலெக்டர். கூடாரமே வீடும் கச்சேரியும். அவருடைய வாழ்க்கையில் மிகக் கனமான வேலை இந்த ஏழு ஆண்டுகளில்தான் நடந்தது என்பது எங்கள் கருத்து. 1817-18 மராத்தாப் போரில் பிரிகேடியர் ஜெனரலாகத் திரும்பவும் களத்துக்குப் போனார். வழக்கமான துருப்பு குறைவாக இருந்ததால் உள்ளூர் பியூன்களை (ஆயுதமேந்திய காவலாட்களை) திரட்டிக்கொண்டு பாதாமி, பெல்காம், சோலாப்பூர் கோட்டைகளைப் பிடித்தார். 1820 முதல் இறக்கும்வரை சென்னை கவர்னர்.

கேள்வி: எங்கள் நிலம் மதனப்பள்ளிப் பக்கம். ‘மன்றோ காலத்து அளவு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். எப்படி அளந்தார்கள்? குண்டாக் கணக்கு அங்கிருந்து வந்ததா? (வாசகர், மதனப்பள்ளி)

மதனப்பள்ளியும் வாயல்பாடும் 1911 வரை கடப்பை மாவட்டத்தில் இருந்த தாலுகாக்கள். அதனால் மன்றோ அளந்த பகுதி என்று நீங்கள் சொல்வது பொருந்தும். சித்தூர் நகரத்தாருக்கு இது பொருந்தாது. அது ஆற்காட்டு நவாபின் நாட்டோடு 1801-இல் கம்பெனிக்கு வந்தது.

1802 ஜூனில் அளவை தொடங்கியபோது நில அளவை தெரிந்தவர்கள் கச்சேரியில் நான்கே குமாஸ்தாக்கள். அவர்களை வைத்தே மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆட்களைப் பெருக்கினார்கள். சங்கிலியின் நீளம் 33 அடி. ஒரு சங்கிலிச் சதுரம் 1,089 சதுர அடி, அதுதான் ஒரு குண்டா. 40 குண்டா சேர்ந்தால் 43,560 சதுர அடி, சரியாக ஓர் ஏக்கர். உங்கள் சென்ட் கணக்கில் ஒரு குண்டா இரண்டரை சென்ட். மலையையும் பாறையையும் விட்டுவிட்டு ஏரி, தரிசு, ஊர்நத்தம் எல்லாவற்றையும் அளந்தார்கள்.

அளவைக்காரருக்கு முதலில் மாதச் சம்பளம், ஆட்கள் தேறியதும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி. ஏக்கர் கூலி என்றால் வேகம் வரும், கூடவே தப்பும் வரும். அதற்காகத் தலைமை அளவைக்காரர்கள் ஒரு பகுதியைத் திரும்ப அளந்து பார்த்தார்கள். வித்தியாசம் அளவுக்கு மீறினால் வேலை போகும். அளவை முடிந்த ஊருக்குத் தரம் பிரிப்பவர் வருவார். ஊர்த்தலைவர், கர்ணம், குடியானவர்கள் கூடி நின்று ஒவ்வொரு வயலுக்கும் தரம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தீர்வை.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கணக்கை இன்றைய வரப்புத் தகராறுக்குக் கொண்டுபோகாதீர்கள். 1858-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் தனி சர்வே இலாகா வந்து புதிதாக அளந்தது, புல எண்களும் மாறின. எல்லை தெரிய வேண்டுமானால் தாசில்தார் அலுவலகத்தில் உங்கள் புல எண்ணுக்குரிய எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தக) வரைபட நகலை வாங்குங்கள்.

கேள்வி: ரயத்துவாரி ஏழைக் குடியானவரைக் காப்பாற்றியது என்கிறார்கள். உண்மையா? (ஆசிரியை, குப்பம்)

பாதி உண்மை. நடுவே ஜமீன்தாரோ குத்தகைதாரரோ இல்லாமல், அரசு குடியானவரோடு நேராக ஆண்டுதோறும் ஜமாபந்தி (வரிக்கணக்கு முடிவு) செய்து பட்டா கொடுத்தது. பருவத் தொடக்கத்தில் வேண்டாத வயலை விட்டுவிடலாம், கூடுதலாகவும் எடுக்கலாம். தீர்வை ஊருக்கு அல்ல, வயலுக்கு. இது பெரிய மாற்றம்.

ஆனால் தீர்வை கடுமையாக இருந்தது. மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதம் என்று மன்றோவே கணக்கிட்டார். ஒருவர் கட்டத் தவறினால் அவருடைய பாக்கி ஊரார் தலையில், 10 சதவீத வரம்புக்குள், ஏற்றப்பட்டது. உழைத்துக் கட்டியவனுக்கு இது தண்டனையேதான். சுமார் 80 பாளையக்காரர்களை அவர் ஒடுக்கிய விதத்தை லண்டன் இயக்குநர்களே கண்டித்தார்கள்.

அவரைப் பெரிய மனிதராக நாங்கள் மதிப்பதற்குக் காரணம் 1807 ஆகஸ்ட் அறிக்கை. தானே விதித்த தீர்வை தாங்க முடியாதது என்று எழுதினார். எல்லா நிலத்துக்கும் 25 சதவீதம் குறைக்க வேண்டும், கிணற்றுப் பாசனத்துக்கு மேலும் 8 சதவீதம் குறைக்க வேண்டும் என்றார். கிணற்றைப் பழுதுபார்க்கும் செலவைக் குடியானவரே ஏற்க வேண்டும் என்பதே அந்த எட்டுக்கு நிபந்தனை. அரசு கேட்கவில்லை. அவர் சீமைக்குப் போன பிறகு ஊர்களைக் குத்தகைக்கு விட்டது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் குத்தகை எடுத்தவர்கள் நொடித்துப் போனார்கள். அவர் கவர்னரான பிறகே ரயத்துவாரி நிலைபெற்றது.

கேள்வி: கங்காளக் கதையும் மந்திராலயக் கதையும் நடந்தவையா? (வாசகர், திருப்பதி)

திருமலையில் அவர் பெயரால் நைவேத்தியம் நடக்கிறது. அதற்கு ஒரு கிராமத்து வருமானத்தை அவர் எழுதிவைத்தார் என்பது கோயில் வழக்கு. 1801 முதல் 1843 வரை கோயில் நிர்வாகம் கம்பெனிக் கலெக்டரின் பொறுப்பில் இருந்ததால் கவர்னருக்கும் கோயிலுக்கும் தொடர்பு இருந்தது இயல்பு. மந்திராலயத்தில் ராகவேந்திரர் நேரில் வந்து அவரோடு பேசினார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. மடங்களுக்கும் கோயில்களுக்கும் விடப்பட்ட இனாம் (வரியில்லாத மானிய) நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிவது அவருடைய அலுவல் என்பது வரலாறு.

கேள்வி: சிலையில் சேணமும் அங்கவடியும் இல்லை. மறந்துபோன சிற்பி வெட்கத்தால் உயிரை விட்டாராமே? (மாணவர், நகரி)

கட்டுக்கதை. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரும் சேணமில்லாத குதிரையில்தான் அமர்ந்திருக்கிறார். அது அவர் தெரிந்தே எடுத்த பாணி.

கேள்வி: சமாதி எங்கே? (வாசகர், புத்தூர்)

பதவி முடியும் தறுவாயில், பழைய மாவட்டங்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனார். கர்னூல் மாவட்டம் பத்திகொண்டாவில் காலரா கண்டு 1827 ஜூலை 6 அன்று இறந்தார். அனந்தபூர் மாவட்டம் குத்தி என்ற ஊரின் கோட்டை அடிவாரக் கல்லறைத் தோட்டத்தில் முதலில் அடக்கம் செய்தார்கள். 1831-இல் உடலை சென்னை ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. போகிறவர்கள் அடையாள அட்டையை எடுத்துப் போங்கள்.